பெல்ட்டின் அடிப்பக்கம்

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் எல்லோரும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய பட்டம் இல்லை, கழற்றி வாங்கிய பட்டம். கடிகாரம், மிக்ஸி, மேல்வீட்டு டீச்சரின் ரேடியோ என்று எது கையில் கிடைத்தாலும் கழற்றிவிடுவார். திரும்ப மாட்டும்போது இரண்டு ஸ்க்ரூ மிஞ்சும். "இது இல்லாமலே ஓடுது பாரு, கம்பெனிக்காரன் சும்மா போட்டிருக்கான்" என்பார். மிஞ்சிய ஸ்க்ரூவெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. அதை வைத்து ஒரு கப்பலே கட்டிவிடலாம் என்று எதிர்க்கடை இஸ்திரிக்காரர் கிண்டல் செய்வார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்குள் போய் இவரிடம் எரிந்து விழுவேன். ஊர் சிரிக்க ஒரு ஆளைக் கட்டிக்கொண்டோமே என்ற வெட்கம்தான், வேறென்ன.

ஆள் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு யாரும் அவரை ஒரேயடியாக மட்டம் தட்ட வேண்டாம். அந்த உரிமை எனக்கு மட்டும்தான்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்குச் சட்டைக் கம்பெனியில் வேலை. அங்கே ஒருவர் கை வைப்பார், ஒருவர் பை வைப்பார், இவர் காலர் வைப்பார். கம்பெனி மூடிய நாள் வரைக்கும் காலர், காலர், காலர்தான். இன்றைக்கும் தெருவில் யாராவது புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தால் இவர் முகத்தைப் பார்க்க மாட்டார், கழுத்தைத்தான் பார்ப்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "இத்தனை வருஷம் தச்சேன், ஒரு முழுச்சட்டை நான் தச்சதில்ல, தெரியுமா?" என்றார். "கொழம்பு ஊத்தட்டுமா?" என்று கேட்டேன்.

கம்பெனி மூடியதும் எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னக் கடை போட்டார். ஜிப் மாற்றுவது, பைக்குக் கைப்பிடி தைப்பது, திரைச்சீலையின் நீளத்தைக் குறைப்பது. நான் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். காலையில் நான் கிளம்பும்போது அவர் படிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருப்பார். சாயந்திரம் வரும்போதும் அதே மாதிரிதான் இருப்பார். நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

அப்படி இருந்தவருக்குத்தான் அந்த மெஷின் வந்து வாய்த்தது. ஊருக்கு வெளியே ஒரு செருப்புத் தொழிற்சாலை இருந்து, மூடி, துருப்பிடித்துப்போய், அங்கிருந்ததையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இவர் போய் அந்தக் குவியலில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். கறுப்பு இரும்பு. என் தொடை கனத்துக்கு ஒரு கை. கைச்சக்கரம் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிது. தள்ளுவண்டியிலிருந்து இறக்கத் தெருவே சேர்ந்து கை கொடுத்தது. அதில் இஸ்திரிக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"என்ன இன்ஜினியரே இது, ரயில் இன்ஜினா?" என்று அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"தோல் தைக்கிற மெஷினு. இங்க பாருங்க, இதுக்கு ரெண்டு கால். ஒண்ணு தூக்கும்போது இன்னொண்ணு அமுக்கும். தோலை இழுக்காது, நடத்திக் கூட்டிட்டுப் போகும்" என்றார் இவர்.

"மொதல்ல அது நடக்குதான்னு பாருங்க" என்றார் இஸ்திரிக்காரர்.

நடக்கவில்லை. சக்கரம் ஒரு நூலிழைகூட அசையவில்லை. பழைய எண்ணெய் உள்ளே பசையாக இறுகிக் கிடந்தது. இவர் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார், மரச்சுத்தியலால் தட்டினார், துடைத்தார், மறுபடியும் ஊறவைத்தார். வீடெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். என் தலையணையில்கூட அதே வாசனை. தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் அந்த மெஷினில் பங்கு இருப்பதுபோல ஒரே கேள்விதான்: "ஓடுதா இன்ஜினியரே?" கேட்காதவர் பாக்கி இல்லை. எனக்குக் காது கூசியது. பல் ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள்கூட என்னைப் பார்த்ததும் வாயை மூடி, "ஓடுதாம்மா?" என்றார்.

ஒருநாள் மத்தியானம் சக்கரம் சுற்றிவிட்டது. அவர் எண்ணெய்க் கையோடு மாடிக்கு ஓடி வந்து என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். சக்கரம் சுற்ற, ஊசி இறங்கி ஏற, இரண்டு கால்களும் மாறி மாறி நடந்தன. அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

நான் சொல்லாவிட்டால் என்ன, அவரே ஏறிக்கொண்டார். ஒரு சின்னத் தோல் துண்டைக்கூட இன்னும் தைத்துப் பார்க்கவில்லை. அதற்குள் ஒரு அட்டையில் 'இங்கு தோலும் தைக்கப்படும்' என்று எழுதிக் கடையில் மாட்டிவிட்டார். ஆடு வாங்கும் முன்னே அதற்குக் கயிறு திரித்த கதை. "தச்சுப் பாத்துட்டு மாட்டக்கூடாதா?" என்று கேட்டேன். "ஓடுற மெஷின் தைக்காதா?" என்றார்.

அந்த அட்டையைப் பார்த்துத்தான் என் தம்பி வந்தான்.

என் தம்பி மின்சார ஆபீசில் லைன்மேன். எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். கம்பத்தில் ஏறினால் அணில். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அணிலுக்குத் தொப்பை போட்டுவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு 'டிரான்ஸ்பார்மர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இடுப்பையும் கம்பத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்று வேலை செய்வதற்கு ஆபீசில் ஒரு தோல் பெல்ட் கொடுப்பார்கள். அது அவனுக்குப் போதாமல் போய்விட்டது. போர்மேனிடம் பெரிய அளவு கேட்டால் கொடுத்திருப்பார். அதைக் கேட்க இவனுக்கு வெட்கம். பெல்ட்டை நியூஸ் பேப்பரில் சுற்றி, திருட்டுப் பொருள் மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, நடுவுல ஒரு சாண் தோல் சேத்துத் தச்சுக் குடுங்க. யாருக்கும் தெரியக்கூடாது."

"டேய், உயிர் விஷயம்டா. ஆபீஸ்ல கேட்டு வாங்கு" என்றேன் நான்.

"நீ சும்மா இருக்கா. அவனுங்க சிரிச்சே கொன்னுடுவானுங்க. மானம் போயிடும்."

"என்கிட்ட விட்டுடு மாப்ள" என்றார் இவர். "நான் தச்சா அது உன்னையும் தாங்கும், கம்பத்தையும் தாங்கும்."

மாமனும் மச்சினனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

தம்பிக்கு வார விடுமுறை நாளில் பெல்ட் வேண்டும், மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். அன்றைக்கு இவர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தைத்தார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நான் வீட்டுக்கு வந்தபோது தம்பி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான், பெல்ட் மேஜை மேல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். தையல் முத்துக் கோத்ததுபோல இருந்தது. திருப்பினேன். அடிப்பக்கத்தில் மெல்லிய தோல் ஒன்றை வைத்து ஒட்டியிருந்தார்.

"அடியில இது எதுக்கு?"

"இடுப்புல உறுத்தக்கூடாதுல்ல" என்றார், என்னைப் பார்க்காமல்.

அடடா, இவ்வளவு யோசித்திருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். தம்பி பெல்ட்டை மாட்டி, வாசல் தூணைச் சுற்றிக் கட்டி, லேசாகச் சாய்ந்து காட்டினான். "மாமான்னா மாமாதான்!" என்றான். இவர் சிரித்தார், ஆனால் அது வழக்கமான சிரிப்பு இல்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார். கேட்டதற்குக் கொசு என்றார். எனக்கு ஒரு கொசுவும் கடிக்கவில்லை.

மறுநாள் எனக்கு ஆஸ்பத்திரி இல்லை. காய்கறி வாங்கக் கிளம்பினேன். என் பையின் ஒரு கைப்பிடி அறுந்திருந்தது. தையல்காரர் வீட்டில் கைப்பிடி அறுந்தால் தைத்துக் கொடுக்க ஆள் கிடையாது, அது உலகத்துக்கே தெரிந்த சங்கதி. கடையில் இவர் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். தரையில் இரண்டு தோல் துண்டுகளை நுனியோடு நுனி சேர்த்துத் தைத்த ஒரு பட்டை கிடந்தது. மெஷினைச் சரிபார்க்கத் தைத்துப் பார்த்தது போலிருக்கிறது. அதை எடுத்துப் பைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அவர் கவனிக்கவில்லை.

உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி எல்லாம் வாங்கிக்கொண்டு கடைத்தெருவின் பாதியில் வரும்போது கை சட்டென்று லேசானது. பை கீழே விழுந்தது. உருளைக்கிழங்குகள் உருண்டு ஒரு சைக்கிளுக்கு அடியில் போயின. யாரோ சிரித்தார்கள். என் கையில் பாதிப் பட்டைதான் இருந்தது. அதிலிருந்து ஒரு நூல் தொங்கியது. பட்டென்று இழுத்தேன். பாவாடை நாடாவை உருவுவது மாதிரி முழு நூலும் ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

நான் தைக்கத் தெரியாதவள்தான். ஆனால் தையல்காரர் பெண்டாட்டி. மேல் நூலும் அடி நூலும் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு துணிக்குள்ளே இருந்தால்தான் தையல் என்பது எனக்குத் தெரியும். இதில் அடி நூல் துணி உலர்த்தும் கொடி மாதிரி நேராகக் கிடந்திருக்கிறது. மேல் நூல் அதன்மேல் சும்மா தொற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மேலே பார்த்தால் முத்து, அடியில் ஒன்றுமே இல்லை. சட்டென்று தம்பியின் பெல்ட்டின் அடியில் ஒட்டியிருந்த அந்த மெல்லிய தோல் ஞாபகத்துக்கு வந்தது. காய்கறியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

கடையில் அவர் முன்னால் அந்தப் பட்டையை வீசினேன்.

"இது என்னங்க?"

அவர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"தம்பி பெல்ட்டும் இப்படித்தானா?"

அவர் பழந்துணியை எடுத்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

"தெரிஞ்சுதான் அடியில ஒட்டினீங்களா?"

"உறுத்தக்கூடாதுன்னு..."

"பொய் சொல்லாதீங்க! என் தலைமேல கை வச்சுச் சொல்லுங்க!"

கை வைக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு சொன்னார். முதல் தடவை தைத்துத் திருப்பிப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். பிரித்தாராம். துணியென்றால் பிரித்துவிட்டு நகத்தால் தேய்த்தால் ஊசி ஓட்டை மூடிக்கொள்ளும், தோலில் போட்ட ஓட்டை போட்டதுதான். இந்தக் காலர்காரருக்கு அது அப்போதுதான் உறைத்திருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு வரிசை தைத்தாராம். அதுவும் அப்படியே. ஒன்றை ஒட்டி இன்னொன்றாக ஓட்டை விழுந்து, தோல் அந்த இடத்தில் தினசரி காலண்டர் தாளின் கிழிக்கிற வரி மாதிரி ஆகிவிட்டதாம். அந்த நேரம் பார்த்துத் தம்பி ஷட்டரைத் தட்டி, "மாமா, முடிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறான்.

"முடியலன்னு சொல்ல வாய் வரல. தெருவே தூக்கிட்டு வந்த மெஷினு. அட்டை வேற மாட்டிட்டேன். வெக்கமா இருந்துச்சு. ஒட்டிட்டேன். இன்னிக்குக் காலையில போய்ச் சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம்... மெஷினைச் சரி பண்ணிட்டுச் சொல்லலாம்னு..."

"நீங்க காலரோட நின்னிருக்கணும்" என்றேன்.

சொன்னதும் எனக்கே நாக்கு கூசியது. ஆனால் அதற்கெல்லாம் நேரம் இல்லை. தம்பிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கம்பத்தில் இருந்தால் எடுக்கமாட்டான். ஆபீசுக்குப் போட்டேன். பெரிய ஆஸ்பத்திரி ரோட்டில் வேலை என்றார்கள். அவர் அதே மாதிரி தைத்துப் பார்த்த இன்னொரு தோல் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை. ஓடினோம். வழியில் அவருடைய ஒரு செருப்பு கழன்று போனது, திரும்பிப் பார்க்கவில்லை.

ரோடு முனையிலிருந்தே தெரிந்தான். கம்பத்தின் உச்சியில், பெல்ட்டில் பின்னால் நன்றாகச் சாய்ந்துகொண்டு, இரண்டு கைகளாலும் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். கீழே போர்மேனும் கூட வேலை செய்கிறவர்களும் நின்றிருந்தார்கள். மின்சாரம் எப்போது வரும் என்று கேட்க ஒரு கூட்டமும் நின்றது. அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் இவர் கால் நின்றுவிட்டது.

"நீ சொல்லேன்" என்றார் என்னிடம், குரலே எழும்பாமல்.

"தச்சது நானா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒற்றைச் செருப்போடு நடுரோட்டுக்குப் போனார்.

"மாப்ள! எறங்கு மாப்ள! பெல்ட்டு சரியில்ல!"

தம்பி குனிந்து பார்த்தான். மாமாவைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், போர்மேனைப் பார்த்தான். அவன் முகம் மாறியதைக் கீழேயிருந்தே பார்த்தேன்.

"இது ஆபீஸ் பெல்ட்டு மாமா! நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குப் போங்க, வேலை நேரத்துல!"

"ஆபீஸ் பெல்ட்டுதான். நடுவுல ஒரு சாண் நான் தச்சுச் சேத்தது!"

"எதுக்குய்யா ஒரு சாண்?" என்று கேட்டான் கீழே நின்ற ஒருவன். அவனுக்கே அப்புறம் புரிந்தது. "ஐயோ, டிரான்ஸ்பார்மருக்கு லோடு ஏறிப்போச்சு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மின்சாரம் கேட்க வந்த கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

"பொய் சொல்றாரு அந்த ஆளு!" என்று மேலேயிருந்து கத்தினான் என் தம்பி. மாமா என்று சொன்ன வாயால் 'அந்த ஆளு' என்றான். சொன்னதோடு விடவில்லை. பெல்ட் நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்காக இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, இடுப்பை ஒரு குலுக்குக் குலுக்கினான். "பாருங்க, என்ன ஆச்சு? பாருங்க!"

"டேய் பாவி!" என்று கத்தினேனா, கத்த நினைத்தேனா தெரியவில்லை.

இவர் அந்தத் தோல் துண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். நூலின் நுனியைப் பற்களால் கடித்து இழுத்தார். நூல் முழுதாக உருவிக்கொண்டு வந்தது. தோல் இரண்டாகப் பிரிந்து அவருடைய இரண்டு கைகளிலும் தொங்கியது.

"இதான் மாப்ள என் தையலு!" என்று கத்தினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "எனக்குத் தோல் தைக்கத் தெரியாது! தெரியாமத்தான் தச்சேன்! உன் தொப்பையில தப்பு இல்ல, தப்பு என் கையில! உன் கால்ல விழறேன், எறங்கு!"

சிரிப்பு நின்றது. போர்மேன்தான் முதலில் பேசினார். "கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கோ. சாயாதே. அப்படியே எறங்கு" என்றார், சத்தம் போடாமல். தம்பி கம்பத்தைக் கட்டிக்கொண்டான். இறங்கி வர வெகுநேரம் ஆனதுபோல இருந்தது.

கீழே வந்ததும் போர்மேன் பெல்ட்டை வாங்கி, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை இரண்டு கையாலும் ஒரு இழுப்பு இழுத்தார். ஒட்டிய தோல் பிய்ந்தது. பின்னாலேயே அந்த ஓட்டை வரிசை சரக்கென்று கிழிந்தது. தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. எல்லோரும் இவரைப் பாராட்ட ஆரம்பித்துவிட்டார்கள். போர்மேன் இவர் தோளைத் தட்டி, "நல்ல நேரத்துல ஓடி வந்தீங்க. இன்னொருத்தனா இருந்தா வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு வாயை மூடிட்டு இருந்திருப்பான்" என்றார். ஒரு அம்மா இவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். சாயந்திரத்துக்குள் எங்கள் தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. இஸ்திரிக்காரர் கடையில் துணி கொடுக்க வந்தவரையெல்லாம் நிறுத்தி வைத்து, "நம்ம இன்ஜினியர் ஒரு உயிரைக் காப்பாத்திட்டாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"கிண்டல் பண்ணினாக்கூட நிமிந்து நடந்திருப்பேன்" என்றார். "இது என்னைக் குத்திக் கொல்லுது."

தைத்தது மட்டும்தான் தப்பு என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. தெரிந்தே ஒட்டினார் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் அந்த வெட்கத்தை வீட்டுக்குள்ளேயே புதைத்துவிடலாம் என்று பார்த்தேன். "விடுங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. இனி அதைக் கிளற வேண்டாம்" என்று சொல்லிவைத்தேன்.

சில நாள் கழித்துத் தம்பி வந்தான். போர்மேனே பெரிய அளவு பெல்ட் கொடுத்துவிட்டாராம், ஆபீசில் இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்துவிட்டார்களாம். சாப்பிட உட்கார்ந்தான். இரண்டாவது வாய் எடுக்கும்போது, "அன்னிக்கு அந்த ஆளுன்னு சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க மாமா. நீங்க மட்டும் ஓடி வரலேன்னா..." என்றான்.

இவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான் ஓடி வரல மாப்ள. உங்க அக்கா இழுத்துட்டு வந்தா. சரியில்லன்னு எனக்கு மொதல்லயே தெரியும். தெரிஞ்சுதான் ஒட்டி மறைச்சேன். அதைத்தான் உன் கையில குடுத்தேன்."

தம்பியின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தான். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, என் பக்கம்கூடத் திரும்பாமல், போய்வருகிறேன் என்ற ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டான். நான் இவரைப் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தேன். எனக்கிருந்த ஒரு பிறந்த வீட்டையும் மூடிவிட்டீர்களே என்று அழுதேன்.

"அவன் நன்றி சொல்றான். அதைக் கேட்டுட்டு எப்படி உக்காந்திருக்கிறது?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தம்பி வரவில்லை. போனும் இல்லை. இவர் மெஷினோடு கிடந்தார். ஒருநாள் கோளாறு அகப்பட்டது. நூல் ஊசிக்குப் போகும் வழியில் அதை இறுக்கிப் பிடிக்க வட்டமாக இரண்டு தகடுகள் உண்டு. அதற்கு நடுவில், அந்தக் காலத்துச் செருப்பு நூலின் மெழுகுத் துணுக்கு ஒன்று இறுகிப்போய் உட்கார்ந்திருந்தது. அதனால் தகடுகள் சேரவில்லை, மேல் நூல் இறுகவில்லை. கண்டதையெல்லாம் கழற்றிய மனிதர் கழற்றாமல் விட்ட ஒரே இடம் அதுதான். குண்டூசியால் நெம்பியதும் வந்துவிட்டது. "இவ்வளவுதானா?" என்று நான் கேட்டேன். "இவ்வளவுதான்" என்றார். அவர் சந்தோஷப்படவில்லை.

அதற்குப் பிறகு மெஷின் நன்றாகத் தைக்கிறது. ஆனால் அந்த அட்டையைக் கழற்றிவிட்டார். யார் எதைத் தைக்கக் கொடுத்தாலும், முடித்ததும் முதலில் தையலின் அடிப்பக்கத்தைத் திருப்பி, "அடியைப் பாருங்க" என்று கொடுத்தவர் முகத்துக்கு நேரே நீட்டுவார். "அட போங்க இன்ஜினியரே, நாங்க மேல பாக்கிறதுக்குத்தானே வாங்குறோம்" என்று இஸ்திரிக்காரர் சிரிப்பார். இவர் சிரிக்கமாட்டார். பார்க்கும் வரைக்கும் விடமாட்டார்.

ஒருநாள் மத்தியானம் நான் ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரமாக வந்துவிட்டேன். கடை வாசலில் தம்பி நின்றிருந்தான். இவர் மெஷினுக்குப் பின்னால் எழுந்து நின்றிருந்தார், தலை மாடிப்படியில் இடிக்காமல் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு. நான் மேலே போகாமல் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி தன் பேன்ட்டிலிருந்து பெல்ட்டை உருவி மெஷின் மேல் வைத்தான். பக்கிள் பக்கத்தில் வெடித்துப்போயிருந்தது.

"கடையில என் அளவுக்குக் கெடைக்கல. புதுசா ஒண்ணு தச்சுக் குடுங்க."

இவர் அதைத் தொடவில்லை. "என்கிட்டயா?" என்றார்.

"இது அறுந்தா மானம்தான் போகும் மாமா. உயிர் போகாது."

இவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்து தம்பியின் இடுப்பைச் சுற்றிப் போட்டார். தெருவில் நாலு பேர் போய்க்கொண்டிருந்தார்கள், எதிர்க்கடையிலிருந்து இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார். தம்பி பழக்கதோஷத்தில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"மூச்சை விடு மாப்ள" என்றார் இவர். "உள்ளது உள்ளபடிதான் அளக்கணும்."

தம்பி மூச்சை விட்டான். இவர் டேப்பை இன்னும் கொஞ்சம் தளர்த்திப் பிடித்துக்கொண்டார்.